சாட்சிக் கூண்டில் ஓர் ஓவியம்: வார்சாவின் கிராகோவ் வாயில்

தெற்கே இருக்கும் கிராகோவ் நகரின் பக்கமிருந்து போலந்தின் தலைநகரமான வார்சாவுக்குள் வருகிறவர் கண்ணில், இந்த ஓவியத்தில், முதலில் படுவது ஒரு தூண். அதன் உச்சியில் மன்னர் மூன்றாம் சிகிஸ்மண்ட் நிற்கிறார். ஒரு கையில் சிலுவை, மறு கையில் வளைந்த வாள். தூணுக்குப் பின்னால் நகரின் தெற்கு மதிலும், அதில் ஊருக்குள் நுழையும் கிராகோவ் வாயிலும். வாயிலை நெருக்கிக்கொண்டு வீடுகள். முன்னால் அகன்று கிடக்கும் வீதியில் கோச்சு வண்டிகளும் நடந்து போகிற மனிதர்களும்.

1760-களின் இறுதியில், வார்சாவுக்கு வந்த புதிதில், பெர்னார்தோ பெலோட்டோ வரைந்த காட்சி இது. வீதியின் பெயரே அந்த வாயிலிலிருந்து வந்ததுதான். வாயிலுக்கு வெளியே, கிராகோவ் செல்லும் சாலையில் வளர்ந்த குடியிருப்பு என்பதால் ‘கிராகோவ் புறநகர்’ என்று போலிஷ் மொழியில் அழைத்தார்கள். இன்று அது வார்சாவின் நடுநாயகமான வீதி. பெயர் மட்டும் இன்னும் ‘புறநகர்’ என்றே இருக்கிறது.

இன்று அதே இடத்தில் வடக்கு நோக்கி நின்றால் தூண் தெரியும். வலப்புறம் புனித அன்னா தேவாலயமும், அதைத் தாண்டி அரச மாளிகையும் தெரியும். வாயில் தெரியாது. அது நின்ற இடம் திறந்த வெளி.

ஓவியத்தைப் பார்த்துக் கட்டிய நகரம் என்று உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற ஊர் வார்சா. இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமானதும் பெலோட்டோவின் ஓவியங்களை விரித்து வைத்துக்கொண்டு ஊரை மீண்டும் எழுப்பினார்கள் என்பது வழிகாட்டிகள் பயணிகளுக்குச் சொல்லும் கதை. அந்தக் கதை முழுக்க உண்மையானால் கிராகோவ் வாயிலும் எழுந்திருக்க வேண்டும். ஏன் எழவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு பழைய ஓவியத்தை எந்த அளவுக்கு நம்பலாம், நம்பினாலும் அதை வைத்து என்ன செய்யலாம் என்பது தெளிவாகிறது. அதற்காகவே இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன்.

ஓவியர் யார், யாருக்காக வரைந்தார்

பெலோட்டோ வெனிஸ்காரர். நகரக் காட்சி ஓவியத்தில் பெரும் பெயர் பெற்ற கனலெட்டோவின் சகோதரி மகன். மாமனிடம் தொழில் கற்று, மாமனின் பட்டப்பெயரையும் தனக்கு வைத்துக்கொண்டார். போலந்தில் இன்றும் ‘கனலெட்டோ’ என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது மருமகன்தான். 1747-இல் டிரெஸ்டனுக்குப் போய் சாக்சனி அரசவை ஓவியரானார். ஏழாண்டுப் போர் வந்தது. 1760-இல் பிரஷ்யப் பீரங்கிகள் டிரெஸ்டனைத் தாக்கியபோது அவர் வீடும் அழிந்தது. 1765-இல் அவர் வரைந்த ஓவியம் ஒன்றில், டிரெஸ்டனின் சிலுவை தேவாலயக் கோபுரம் பாதி இடிந்து, வயிற்றைத் திறந்து காட்டியதுபோல் நிற்கிறது. அடியில் ஆட்கள் செங்கல்லை அப்புறப்படுத்துகிறார்கள். தான் வரைந்த ஊர் அழிவதைத் தன் வாழ்நாளிலேயே பார்த்த மனிதர் அவர். வார்சா ஓவியங்களுக்குப் பின்னால் நேர்ந்ததைத் தெரிந்துகொண்டு இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

பிறகு ரஷ்யாவில் வேலை தேடிப் புறப்பட்டவர் வழியில் வார்சாவில் தங்கினார். மன்னர் ஸ்டனிஸ்வாவ் அகஸ்ட் போனியடோவ்ஸ்கி அவரை விடவில்லை. 1768 முதல் அரசவை ஓவியர். 1780 நவம்பரில் வார்சாவிலேயே இறந்துபோகும் வரை அந்த நகரத்தை 26 காட்சிகளாக வரைந்தார். அரச மாளிகையில் அவற்றுக்கென்றே ஓர் அறை ஒதுக்கப்பட்டது. இன்று அங்கே 22 காட்சிகள் தொங்குகின்றன.

ஆண்டுகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1772-இல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தின் நிலத்தை முதல் தடவையாகப் பங்கு போட்டுக்கொண்டன. நாடு கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அந்த நாட்டின் கடைசி மன்னர், தன் தலைநகரம் ஒழுங்கும் அழகும் கொண்ட ஐரோப்பிய நகரம் என்று சொல்லும் ஓவியங்களைத் தன் மாளிகைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார். கூலி கொடுத்தவர் விருப்பம் ஓவியத்துக்குள் வராமல் இருக்காது. சாட்சியை விசாரிக்கும் முன் சாட்சிக்கும் கட்சிக்காரருக்கும் என்ன உறவு என்று கேட்பது போல, இதையும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இருட்டுப் பெட்டி

பெலோட்டோவின் துல்லியத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவது கேமரா அப்ஸ்குரா என்னும் இருட்டுப் பெட்டி. ஒரு பக்கம் வில்லை. உள்ளே சாய்வாக வைத்த கண்ணாடி. மேலே ஒளி கசியும் தகடு. எதிரே இருக்கும் வீதி அந்தத் தகட்டில் நடுங்கும் சிறு பிம்பமாக விழும். மேலே தாளை வைத்து, கூரையின் விளிம்பையும் ஜன்னல் வரிசையையும் கோடாக எடுத்துக்கொள்ளலாம். கண்ணளவில் தவறிப்போகும் விகிதங்கள் இதில் தவறுவதில்லை. எத்தனை ஜன்னல், எந்தச் சுவர் எந்தச் சுவரைவிட உயரம் என்பதெல்லாம் சரியாக வந்துவிடும்.

ஆனால் பெட்டியின் பார்வை குறுகியது. அகன்ற வீதி முழுவதும் ஒரே தகட்டில் அடங்காது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பல தாள்களில் எடுத்து, பிறகு பட்டறையில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அந்த ஒட்டு இடங்களில்தான் ஓவியரின் விருப்பம் நுழைகிறது. வீதியை இன்னும் சற்று அகலப்படுத்தலாம். மறைக்கும் கட்டடத்தைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம். ஒரு நிழலை நீட்டி, வேண்டாத மூலையை இருளில் விடலாம். பெட்டி பொய் சொல்லாது என்பது உண்மையாகவே இருக்கட்டும். பெட்டியிலிருந்து கித்தானுக்கு வரும் வழியில் பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

இதற்கு அரச மாளிகைக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது. நகரக் காட்சிகளோடு பெலோட்டோ 1778-இல் வரைந்த இன்னொரு ஓவியமும் அங்கே உண்டு: ஸ்டனிஸ்வாவ் அகஸ்ட் மன்னராகத் தேர்ந்தெடுக்கப்படும் காட்சி. திரண்டிருக்கும் பிரபுக்கள், கொடிகள், குதிரைகள் எல்லாம் நேரில் நின்று பார்த்து வரைந்தது போல் அவ்வளவு திருத்தம். அந்தத் தேர்தல் நடந்தது 1764-இல். அப்போது பெலோட்டோ வார்சாவில் இல்லவே இல்லை. அதே கை, அதே கூர்மை, அதே நம்பிக்கையூட்டும் தொனி. ஆனால் கண்ணால் காணாத காட்சி. வரைந்த விதம் துல்லியமாக இருக்கிறது என்பதை வைத்தே வரையப்பட்டதும் உண்மை என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வாயில் போன கதை

கிராகோவ் வாயிலை இடித்தது போர் அல்ல. மத்தியக் காலத்தில் நகர மதிலோடு எழுந்த வாயில் அது. முன்னால் அகழி, அகழியின் மேல் செங்கல் பாலம். 1644-இல் மன்னர் நான்காம் விளாடிஸ்லாவ் தன் தந்தை சிகிஸ்மண்டுக்காக வாயிலுக்கு வெளியே தூணை நிறுத்தினார். அப்போதே அங்கே இடநெருக்கடி. பெலோட்டோ வந்தபோது மதிலுக்குப் படைப் பயன் எதுவும் மிச்சம் இல்லை. வாயில் ஒரு பழக்கமாக நின்றுகொண்டிருந்தது. 1808-இல் இடித்துவிட்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் சுற்றியிருந்த கட்டடங்களையும் அகற்றி, யாகூப் குபிட்ஸ்கியின் திட்டப்படி இன்றைய மாளிகைச் சதுக்கத்தை உருவாக்கினார்கள். அதாவது ஹிட்லரின் படை வருவதற்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த வாயில் ஓவியத்தில் மட்டும்தான் இருந்தது.

ஓவியங்களும் ஒரே இடத்தில் நிம்மதியாக இருந்துவிடவில்லை. 1807-இல் நெப்போலியனின் ஆட்கள் சிலவற்றைப் பாரிசுக்கு எடுத்துப் போனார்கள், பிறகு திரும்பின. ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1830-31 எழுச்சி ஒடுக்கப்பட்டதும் ரஷ்யாவுக்குப் போயின. 1921-இன் ரீகா உடன்படிக்கைக்குப் பின்னர் மீண்டும் வார்சா வந்தன. 1939-இல் ஜெர்மானியர் எடுத்துச் சென்றனர். போர் முடிந்ததும் மீட்கப்பட்டன. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டதனாலேயே அவை பிழைத்தன. 1944-இல் மாளிகைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தால் மிஞ்சியிருக்காது.

1944

ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து ஆகஸ்ட் முதல் தேதி தொடங்கிய வார்சா எழுச்சி அக்டோபர் 2-இல் சரணடைதலில் முடிந்தது. அந்தச் சண்டையிலும், அதன் பிறகு நடந்த திட்டமிட்ட இடிப்பிலும் வரலாற்று மையத்தின் 85 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. மாளிகையின் சுவர்களில் வெடிமருந்து வைக்க, ஆக்கிரமிப்பின் தொடக்கத்திலேயே வரிசை வரிசையாகத் துளை போட்டு வைத்திருந்தார்கள். 1944 செப்டம்பரில் அதை வெடித்துத் தகர்த்தார்கள். அதே மாதத் தொடக்கத்தில் சிகிஸ்மண்டின் தூணும் சாய்ந்தது. மன்னரின் வெண்கலச் சிலை தரையில் விழுந்து அடிபட்டது, ஆனால் பிழைத்தது.

1945-இன் தொடக்கத்தில் தலைநகர மறுகட்டுமான அலுவலகம் தொடங்கப்பட்டது. அதில் வரலாற்றுச் சின்னங்களுக்குப் பொறுப்பேற்றவர் யான் சஹ்வடோவிச். ஒரு தேசத்தை அழிக்க நினைத்தவன் அதன் கட்டடங்களைக் குறிவைத்து அழித்திருக்கும்போது, சிதைவை அப்படியே பாதுகாப்பதோடு நிற்க முடியாது, திரும்பக் கட்டியே ஆக வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய அன்றைய கோட்பாடு இதற்கு எதிரானது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தார்.

ஓவியம் கட்டிய நகரமா?

வழிகாட்டிகள் சொல்லாமல் விடும் பகுதி இங்கே வருகிறது. மறுகட்டுமானத்தின் முதுகெலும்பு பெலோட்டோ அல்ல, மாணவர்கள். வார்சா தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன்பே பழைய வீடுகளுக்கு நாடா பிடித்து அளந்து வரைபடங்கள் தயாரித்திருந்தார்கள். அந்தத் துறையை உருவாக்கிய ஆஸ்கர் சோஸ்னோவ்ஸ்கி 1939 செப்டம்பரில், குண்டுவீச்சின் நடுவே, அங்கேயே காயப்பட்டு இறந்தார். எழுச்சிக்குப் பிறகு நகரமே காலி செய்யப்பட்டபோது அந்த வரைபடங்களை வெளியே கடத்திக்கொண்டு போய் பியோட்ர்கூவில் ஒரு மடாலயத்தில் ஒளித்து வைத்தார்கள். பழைய நகரச் சந்தைச் சதுக்கத்தின் வீடுகள் மீண்டும் எழுந்ததற்கு இந்தத் தாள்களும் போருக்கு முந்தைய புகைப்படங்களுமே பெரும் ஆதாரம்.

பெலோட்டோ உதவியது முக்கியமாக மதிலுக்கு வெளியே: கிராகோவ் புறநகர் வீதி, மியோடோவா வீதி போன்ற இடங்களில். மியோடோவா வீதியை ஒட்டிய பிரானிட்ஸ்கி அரண்மனையின் உச்சிச் சிற்பங்களை அவருடைய ஓவியத்தைப் பார்த்துத்தான் மறுபடி செய்தார்கள். கிராகோவ் புறநகர் வீதியில் அவர் சொல் இன்னும் ஆழமாக ஏற்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த வீடுகள் பலவற்றின் மேல் மாடிகள் ஏறியிருந்தன, முகப்புகள் மாறியிருந்தன. போருக்குப் பின் கட்டும்போது, பல இடங்களில் அந்த மாடிகளை விட்டுவிட்டு 18-ஆம் நூற்றாண்டின் உயரத்துக்கே திரும்பினார்கள். 1939-இல் அந்த வீதியில் வாழ்ந்தவர் திரும்பி வந்திருந்தால், தன் வீட்டைப் பார்த்திருக்க மாட்டார். தன் கொள்ளுப்பாட்டனுக்கும் முந்தியவர் வீட்டைப் பார்த்திருப்பார்.

இது ஒரு தேர்வு. 18-ஆம் நூற்றாண்டு வார்சா சுதந்திர நாட்டின் தலைநகரம்; 19-ஆம் நூற்றாண்டு வார்சா ஜார் ஆட்சியின் நகரம், கூடவே வாடகைக்கு விடக் கட்டிய அடுக்கு வீடுகளின் நகரம். தேசிய உணர்வுக்கும் அன்றைய புதிய கம்யூனிஸ்ட் அரசுக்கும், வேறு வேறு காரணங்களால், முந்தையதே பிடித்திருந்தது. பெலோட்டோ அந்தத் தேர்வுக்குக் கைவசம் கிடைத்த அழகான ஆவணம். அவர் வரையாத வார்சாவும் இருந்தது. யூதர்கள் செறிந்து வாழ்ந்த வடமேற்குப் பகுதி அவர் காலத்துக்குப் பிறகு வளர்ந்தது. அதற்கு மாளிகைச் சுவரில் ஓவியம் இல்லை. யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவாக்கி ஜெர்மானியர் எரித்த அந்த மண்ணில், இடிபாட்டுக் குவியலின் மேலேயே முரானூவ் என்ற புதுக் குடியிருப்பு எழுந்தது. அங்கே பழைய வீதிகள் பழைய உருவில் திரும்பவில்லை. பெலோட்டோவின் அறையை எண்ணி நெகிழும்போதெல்லாம் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லா இடத்திலும் ஓவியத்தின் பேச்சைக் கேட்கவும் இல்லை. புனித அன்னா தேவாலயத்தை எடுத்துக்கொள்வோம். பெலோட்டோ பார்த்த முகப்பு, அவர் இறந்து சில ஆண்டுகளில், 1786-88-இல், மாற்றப்பட்டு இன்றைய செவ்வியல் பாணி முகப்பு வந்தது. போரில் தேவாலயம் சேதப்பட்டது, ஆனால் நின்றது. நிற்கிற முகப்பை இடித்துவிட்டு ஓவியத்தில் இருப்பதைக் கட்டலாம் என்ற எண்ணத்துக்கு இடமே வரவில்லை. கல் சாட்சி சொல்லும் இடத்தில் கித்தான் பேசக் கூடாது. நடைமுறையில் அவர்கள் பின்பற்றியது இதைத்தான்.

தெற்கு வாயில், வடக்கு வாயில்

கிராகோவ் வாயில் ஏன் கட்டப்படவில்லை என்பதற்குப் பழைய நகரின் மறுமுனைதான் விடை சொல்கிறது. வடக்கே, புதிய நகரத்துக்குப் போகும் வழியில், பார்பக்கன் என்னும் அரைவட்டக் காவல் அரண் இருக்கிறது. 1548-இல் அதைக் கட்டியவரும் ஒரு வெனிஸ்காரர் என்பது தற்செயல். அதன் பெரும்பகுதி காலப்போக்கில் வீடுகளுக்குள் மூழ்கிப் போயிருந்தது. 1937-38-இல் மதில்களை வெளிக்கொணரும் வேலை நடந்தபோது பொறுப்பில் இருந்தவர் இதே சஹ்வடோவிச். அடித்தளம் எங்கே, சுவர் எத்தனை தடிமன் என்பது அவருக்குக் கையளவில் தெரியும். 1952-54-இல் அதைப் பழைய செதுக்கோவியங்களின் துணையோடு மீண்டும் எழுப்பினார்கள். போரில் அழிந்த வேறு ஊர்களிலிருந்து செங்கல் கொண்டுவந்தார்கள்.

வடக்கு அரணுக்குப் பெலோட்டோவின் தரத்தில் ஓவியம் தேவைப்படவில்லை. மண்ணுக்குள் அதன் உடம்பு இருந்தது. தெற்கு வாயிலுக்கு உன்னதமான ஓவியம் இருந்தது, உடம்பு இல்லை. ஓவியம் காட்டுவது ஒரு பக்கம் மட்டும். வாயிலின் உட்புறம் எப்படி, மாளிகைப் பக்கச் சுவர் எங்கே சேர்ந்தது, மேல்தளத்துக்குப் படி எந்த மூலையில் என்று கொத்தனார் கேட்டால் கித்தானிடம் பதில் இல்லை.

இதற்கும் மேலே ஒரு காரணம் உண்டு: அந்த இடம் வேறு வேலைக்குப் போய்விட்டது. 1947 முதல் நகரின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெருஞ்சாலை ஒன்றை மாளிகைச் சதுக்கத்துக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டுபோனார்கள். வேலை நடந்தபோது ஆற்றங்கரைச் சரிவு நகரத் தொடங்கி, புனித அன்னா தேவாலயமே இறங்கிவிடும் நிலை வந்தது. ரோமுவால்ட் செபெர்டோவிச் என்ற பொறியாளர், மண்ணுக்குள் ரசாயனக் கரைசலைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சி அதை இறுகச் செய்து காப்பாற்றினார். 1949 ஜூலை 22-இல் சுரங்கச் சாலை திறக்கப்பட்டது. அதே நாளில் சிகிஸ்மண்ட் புதிய கருங்கல் தூணின் மேல் மறுபடி ஏறினார். சதுக்கத்தின் ஓரத்தில் ‘ஜானின் வீடு’ 18-ஆம் நூற்றாண்டு முகப்போடு எழுந்தது. கதவைத் திறந்து உள்ளே போனால் சுரங்கச் சாலைக்கு இறக்கிவிடும் நகரும் படிக்கட்டு. வார்சாவின் முதல் நகரும் படிக்கட்டு அது. வெளியே மன்னர் காலம், உள்ளே டிராம் பிடிக்க ஓடுகிற கூட்டம். மறுகட்டிய வார்சாவை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் நான் அந்த வீட்டைத்தான் காட்டுவேன்.

மாளிகைக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1971-இல்தான் கட்ட முடிவாயிற்று. மக்கள் கொடுத்த நன்கொடையில் எழுந்தது. 1939 செப்டம்பர் 17 அன்று குண்டுவீச்சில் 11.15 மணிக்கு நின்றுபோன கோபுரக் கடிகாரத்தை 1974 ஜூலையில் அதே 11.15-க்கு ஓடவிட்டார்கள். 1980-இல் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1984-இல் மாளிகை திறந்ததும் பெலோட்டோவின் ஓவியங்கள் தங்கள் அறைக்குத் திரும்பின.

அந்த ஆண்டுகளில்தான் வாயிலைப் பற்றி மண்ணே வாய் திறந்தது. 1977-இல் சதுக்கத்தைத் தோண்டும்போது, வாயிலுக்கு முன்னால் அகழியைக் கடந்த செங்கல் பாலம் தென்பட்டது. 1983-இல் சீர்படுத்தித் திறந்துவிட்டார்கள். வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறியான 1964-இன் வெனிஸ் சாசனம், தோண்டி எடுத்த சிதைவுகளின் மேல் புதிதாகக் கட்டி எழுப்புவதை ஏற்பதில்லை. சஹ்வடோவிச்சின் தலைமுறை 1945-இல் மீறத் துணிந்த கோட்பாடு, இந்தச் சிறு பாலத்தின் காலத்தில் எழுதப்பட்ட விதியாகவே ஆகிவிட்டிருந்தது. ஓவியத்தை எடுத்துவந்து பாலத்தின் முனையில் வாயிலை நிறுத்தும் முயற்சி நடக்கவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 1944-இல் பறிக்கப்பட்டதைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு நியாயம் இருந்தது. 1808-இல் ஊர்க்காரர்களே எடுத்துவிட்டதைத் திரும்பக் கட்ட அந்த நியாயம் போதாது.

சதுக்கத்தின் மேற்குப் பக்கம், நடைபாதை மட்டத்துக்குக் கீழே, அந்தப் பாலம் இருக்கிறது. சிவப்புச் செங்கல், பெரிய உயரம் ஒன்றும் இல்லை. மதிலின் ஒரு துண்டு அதன் பக்கத்தில் ஓடுகிறது. பாலத்தில் நடந்து முனைக்குப் போனால் வாயில் தொடங்க வேண்டிய இடத்தில் கற்கள் பாவிய தரையும், சதுக்கத்தில் தூணும், உச்சியில் நிற்கும் சிகிஸ்மண்டும் தெரிகிறார்கள். மாளிகைக்குள் நுழைந்து பெலோட்டோவின் ஓவியங்கள் வரை நடக்கச் சில நிமிடங்கள் ஆகும்.